இருநூறு பேருக்குக் குறையாமல்

நகரியில் தறிச்சத்தம் நின்றால்
தூங்குகிற பிள்ளைகள் விழித்துக்கொள்ளும்.
அன்றைக்கு நின்றது.
ஏகாம்பரகுப்பத்து ஷெட்டுகளை அடைத்துவிட்டு
எல்லாரும் கல்யாண மண்டபத்தில்.

கோதண்டம் மைக்கைத் தட்டினான்.
முதலில் தெலுங்கு, அப்புறம் நம் பேச்சு.
"புத்தூர் ரோட்டு ஜெயில்ல நாப்பது தறி போட்டிருக்கான் கம்பெனிக்காரன்.
கூரை சர்க்காருது. கரண்ட் சர்க்காருது.
ஆளும் சர்க்கார் புடிச்சுக் குடுத்தது.
மீட்டருக்கு நமக்கு ஆறு ரூபா இருந்தது, அங்க ஒண்ணே கால்.
நம்ம துணிய எவன்டா வாங்குவான்?"

நான் பின்வரிசை,
தார் சுற்றுகிறவர்களோடு.
ரவிக்கைக்குள் மணியார்டர் சீட்டு
வேர்வையில் ஊறிக்கொண்டிருந்தது:
எழுநூற்று நாற்பது ரூபாய்.
முனிரத்தினம், எண் 318, நெசவுப் பிரிவு.

செம்மரத்தை அவன் வெட்டவில்லை.
ஏற்றின லாரிக்குத் தார்ப்பாய் கட்டினான்.
நெசவுக்காரன் போட்ட முடிச்சு, அவிழவில்லை.
ஐந்து வருஷம்.

டீக்கடை சேஷாசலம் எழுந்தார்.
போன தையில் அவர் வீட்டுப் பூட்டை உடைத்திருந்தார்கள்.
"பின்ன, சும்மா உக்கார வெச்சு சோறு போடணுமா?"
கை தட்டினவர்களும் உண்டு.
தட்டாதவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சும்மா உட்கார்ந்த நாட்களை
அவன் எனக்குச் சொல்லியிருக்கிறான், வலைக்கு அந்தப் பக்கம் நின்று.
"மூணு மாசம் சுவத்துல பல்லிய எண்ணிட்டு இருந்தேன் வசந்தி.
தறி ஓடற வரைக்கும் நான் உள்ள இல்ல."
அடுத்த தடவை வேறு சொன்னான்.
கூலியில் பாதி சோற்றுக்கு.
கால் பங்கு பயிற்சிக் கட்டணமாம்,
இவனுக்கு! பன்னிரண்டு வயசில் தறி ஏறினவனுக்கு!
நாடா எகிறிப் பக்கத்துத் தறிக்காரனுக்குப் பல் போயிற்றாம்.
வேலையை விட்டு நின்றுவிடுகிறேன் என்றானாம்.
"நின்னுக்கோ, எங்க போவ?" என்று
மேஸ்திரி சிரித்தானாம்.

அன்றைக்கு அவன் கேட்டான்,
"வெளிய இப்ப மீட்டருக்கு எவ்வளவு?"
ஏழு என்றேன்.
ஐந்து.
அவன் நெய்த லுங்கியை மேசையில் விரித்துப் போட்டுத்தான்
முதலாளி எல்லாருக்கும் குறைத்தார்.
தார் சுற்றுகிற கூலியில் எனக்கு மாசம் அறுநூறு போயிற்று.
எழுநூற்று நாற்பதில் அதைக் கழித்தால்
என் புருஷன் எனக்கு அனுப்பினது
நூற்று நாற்பது.

வக்கீல் பத்மஜா ஒப்பந்தத்தைப் படித்தாள்,
பதினாலாவது ஷரத்து.
எந்த மாதத்திலும்
இருநூறு பேருக்குக் குறையாமல்
ஆள் இருக்க வேண்டும்.
குறைகிற ஒவ்வொரு தலைக்கும், ஒவ்வொரு நாளுக்கும்
சர்க்கார் கம்பெனிக்கு அபராதம் கட்டும்.

மண்டபத்தில் ஒரு சிரிப்பு எழுந்து
பாதியில் நின்றது.
"அப்ப திருடன் கொறஞ்சா?"
யாரோ கேட்டார்கள்.
சேஷாசலம் உட்கார்ந்துவிட்டார்.

ஜெயில் தறி கூடாது என்கிறவர்கள் கை தூக்கச் சொன்னான் கோதண்டம்.
தூக்கினேன்.
அடுத்த மாசச் சீட்டு ஞாபகம் வந்து இறக்கினேன்.
பல் போனவன் ஞாபகம் வந்து மறுபடி.
எண்ணிக்கொண்டு அவன் என் வரிசைக்கு வந்தபோது
கை எங்கே இருந்ததென்று
சத்தியமாகத் தெரியாது.

வெளியே வந்தால்
மாசக் கடைசி ராத்திரி.
திருத்தணி பஸ் நிற்கிற இடத்தில் ஒரு ஜீப்.
இரண்டு பையன்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.
எந்த ஊர், என்ன கேஸ் என்று
வழக்கமாகக் கேட்கிற கூட்டம்தான்.
அன்றைக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை.
நானும் வேறொன்றைத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்,
இன்னும் எத்தனை பேர் வேண்டுமோ என்று.

சின்னவன் கையில்
டீ கிளாஸ் அப்படியே இருந்தது.
ஜீப் கிளம்பின குலுக்கலில்
சட்டையெல்லாம் டீ.