ஸ்டோர்

சோஹார் பலதியாவிலிருந்து
மூன்றாம் முறையும் திரும்பி வந்தது வரைபடம்:
பணிப்பெண் அறைக்கு ஜன்னல் இல்லை.

"பேரை மாத்துப்பா, ஸ்டோர்னு போடு"
என்றார் இன்ஜினியர் சவரிராஜ்.
மாற்றினேன். ஒரே சொல்.
நான்காம் நாள் முத்திரை விழுந்தது.

கூரை வார்த்தோம்
ராத்திரி இரண்டு மணிக்கு, ஐஸ் கலந்த கான்கிரீட்டில்.
கம்பி சரி. சாக்கடைச் சரிவு சரி.

கடைசி ஆய்வுக்கு வந்த ஹமூத் பலூஷி
டேப்பை நீட்டினார்:
இரண்டு மீட்டர், ஒன்று எண்பது.
பிறகு குனிந்தார்.
சுவரில், தலையணை உயரத்தில்
ஒரு பிளக் பாயின்ட்.

"அரிசி மூட்டை
போன் சார்ஜ் போடுமா?"

சவரிராஜ் என்னைப் பார்த்தார்.
அதை வரைந்தது நான்தான்,
யாரும் சொல்லவில்லை.

சிவப்புப் பேனாவின் மூடியை
அவர் மெதுவாகத்தான் திருகினார்.
எழுது
எழுதித் தொலையேன் என்றிருந்தது எனக்கு.