பள்ளத்தில் என் நாற்காலி

டுலூத்தில் மார்ச் முடிந்தும் பனி போகாது.
அந்த வருடம் ஓரின் நிலவறையை விட்டு ஏறி வரவே இல்லை.
சாப்பிட மட்டும் வந்தான். அதுவும்
கரண்டி முனையால் உருளைக்கிழங்கு மசியலில்
ஒரு வளைகோடு இழுத்துக்கொண்டே:
ஏறும், ஏறும், முப்பத்து நான்கு ஹெர்ட்ஸில் முட்டி நிற்கும்.
"பார், இதுதான் திமில்."
குழம்பை அதன்மேல் ஊற்றினேன்.

சப்வூஃபர் வந்து எட்டு வருடம்.
கறுப்புப் பெட்டி, ஒரு கன்றுக்குட்டியின் கனம்.
படத்தில் எங்கோ ஒரு பாலம் இடிந்தால்
மாடியில் என் தட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்.
ஒரு ஈக்வலைசர் போதும் என்றான்,
எல்லாம் அடங்கிவிடும்.

எது என்பதில்தான் குளிர்காலம் போனது.

முதலாவதில் சறுக்குப் பொத்தான்கள் வரிசையாக,
முப்பத்தொன்றரைக்கு ஒன்று, நாற்பதுக்கு ஒன்று.
எங்கள் வீட்டுத் தொல்லையோ இரண்டுக்கும் நடுவே,
வேலி இடுக்கில் நுழையும் முயல்.

இரண்டாவது தானே அளந்து தானே தீர்த்துவைக்கும்.
மைக்கை நட்டுவிட்டு நாம் வெளியே போய்விட வேண்டும்.
டெல்பர்ட் அதைத்தான் வைத்திருக்கிறான்.
"என்ன செய்தது?"
"நன்றாகச் செய்தது."
"சரி, என்ன செய்தது?"
"அது எனக்கு எப்படித் தெரியும்?"
இருபத்தாறு வருடம் தாதுத்துறையில்
வண்டி வண்டியாய் எடை பார்த்தவன் ஓரின்.
முள்ளைக் காட்டாத தராசை அவன் வீட்டுக்குள் விடமாட்டான்.

மூன்றாவது கேட்பது மூன்றே கேள்வி:
எங்கே? எவ்வளவு அகலம்? எவ்வளவு ஆழம்?
கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கும்.
அதைத் திருப்பித் தரலாம் என்ற பேச்சில்
இரண்டு வாரத்துக்கு வாங்கி வந்தான்.

சுவரோரம் அவன் நாற்காலியில் மைக்கை வைத்தான்.
அடித்தொண்டையிலிருந்து ஒரு முனகல் எழுந்து ஏறியது.
திமில், பதினொரு டெசிபல்.
"உன்னுடையதையும் பார்த்துவிடுவோமே" என்றான்.
பின்னல் கூடையோடு எழுந்து நின்றேன்.
அதே முனகல், அதே ஏற்றம்.
முப்பத்து நான்கில் கோடு
கிணற்றில் விழுந்த வாளி போலப் போனது.

பாத்திரம் கழுவும் தொட்டியை ஆட்டிக் காட்டினான்.
இரு கரையிலும் தண்ணீர் ஏறி ஏறி இறங்க,
நடுவில் அது அசையவே இல்லை.
பதினாறரை அடி அறை. அவன் கரையில். நான் நடுவில்.
"எட்டு வருடமாக நீ இதைக் கேட்கவே இல்லையா?"
ஊதுகிற சங்கை ஊதிக்கொண்டிருந்திருக்கிறான், பாவம்.

அந்தப் பள்ளத்தைத் தூக்கிப் பார்த்தான்.
குமிழைத் திருகத் திருகப் பெட்டி மூச்சிரைத்தது,
சிவப்பு விளக்கு எரிந்தது,
என் காதுக்கு ஒரு பருக்கையும் வந்து சேரவில்லை.
திமிலைச் செதுக்கலாம்.
பள்ளத்தில் கொட்டுவதெல்லாம் பள்ளத்துக்கே.
"நாற்காலியை இரண்டடி நகர்த்தலாமா?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன்.
முதல் குளிர்காலத்தில், அவன் சத்தம் கூட்டிய இரவுகளில்,
தேநீர்க் கோப்பையோடு அறை முழுக்க நடந்திருக்கிறேன்.
படிக்கட்டடியில் நடுங்கியது. அலமாரிப் பக்கம் நடுங்கியது.
நடுங்காத இடத்தில் நாற்காலியைப் போட்டேன்.

சற்று நேரம் என்னையே பார்த்தான்.
பிறகு நோட்டை எடுத்து, எண்களுக்குக் கீழே எழுதினான்:
அவள் இடம். கோப்பை முறை. செலவு இல்லை.

மூன்றாவதையே வைத்துக்கொண்டோம்.
அவன் கரையில் ஒன்பது டெசிபல் செதுக்கியாயிற்று.
தட்டுகள் வாய் மூடிவிட்டன. பாலம் இடிகிற நேரத்தில்
சில இரவுகள் அவன் வந்து
என் நாற்காலிக்குக் கீழே, கம்பளத்தில் உட்கார்ந்து,
ஒன்றுமில்லாததைக் காது கொடுத்துக் கேட்கிறான்.

ஏப்ரலில் ஒரு மாலை
பருவத்தின் முதல் கப்பல் ஏரியிலிருந்து ஊதியது.
கைப்பிடியில் வைத்திருந்த கோப்பையில்
தேநீர் மெல்ல வட்டமிட்டது.
எழுந்தான் ஓரின்,
நோட்டை எங்கே வைத்தேன் என்று.