மூலை மடித்த தாள்

சேந்த்-ஆந்த்ரே. ஜூன் மாதக் கடைசி.
ரெயூனியனில் இதைக் குளிர்காலம் என்கிறார்கள்,
காரைக்காலில் சொன்னால் சிரிப்பார்கள்.
மேசையில் நூற்றுப் பதினெட்டுத் தாள்கள்.
யாருடையது என்று தெரியக்கூடாதென
ஒவ்வொன்றின் மேல்மூலையையும் மடித்து ஒட்டியிருந்தது.
கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்:
மாறிக்கொண்டே இருப்பதை அறிய முடியுமா?

எண்பதாவது தாள் வரை ஒரே கஞ்சி.
கிரேக்கர் சொன்னார், பின்னால் வந்தவர் மறுத்தார்,
ஆகவே உண்மை நடுவில் இருக்கிறது.
நடுவில் எனக்குத் தெரிந்து
காப்பிக் கறைதான் இருந்தது.

எண்பத்தொன்று இப்படித் தொடங்கியது:
"என் அப்பா கரும்பு வெட்டுகிறவர்.
காலையில் அது தண்டு. மதியம் சாறு.
ஆலைக்குள் பாகு, மூட்டைக்குள் பழுப்பு மணல்,
சனிக்கிழமை இரவு அவர் மூச்சில் ரம்.
கிரேக்கரைக் கேட்டால்
இத்தனைக்கும் அடியில் மாறாத ஒன்று கிடக்கிறது,
அதைத் தேடு என்பார்.
இரண்டாயிரம் வருஷம் கழித்து வந்தவர்
தேடுகிற நீ யார், உன் கண்ணை எப்படி நம்புகிறாய் என்பார்.
அம்மா அந்த மூச்சை
கேட் திறக்கும் சத்தத்திலேயே அறிந்துவிடுவாள்.
அவளை இரண்டு பேரும் கேட்கவில்லை."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"எங்கள் வம்சத்தில் முதலில் கப்பலேறி வந்தவருக்கு
பட்டியலில் ஒரு பேர், ஒப்பந்தச் சீட்டில் ஒன்று,
சாவுப் பதிவில் இன்னொன்று.
வைராவேன். வெராபேன். விராவின்.
மூன்றும் மை. இதில் எது அவர்?"

வாய்விட்டுப் படித்தேன், ஆளில்லாத அறையில்.
மூன்றாம் தடவை நாக்கு தானாகவே
பழைய தடத்தில் இறங்கியது: வயிரவன்.
எழுதியவளுக்கு, அல்லது எழுதியவனுக்கு,
தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்துவிட்டது
என்று ஒரு நிமிஷம் மார்பு விரிந்தது.
அப்புறம், வீரப்பனாக இருந்தால்?
வீரவேலாக இருந்தால்?
காது தன் ஊரைக் கேட்டுக்கொள்கிறது.
அதை அறிவு என்று எந்தக் கணக்கில் எழுதுவது?

நான் பாடம் நடத்தும் மொழியில்
இதற்கெல்லாம் வேறு வேறு சொற்கள்.
என் மொழியில் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சமாளிக்கிறோம்.
இருப்பதும் பொருள்.
சொல்லுக்குள் இருப்பதும் பொருள்.
பெட்டியில் பூட்டுவதும் பொருள்.
கிரேக்கர் முதலாவதைத் தோண்டினார்.
பின்னால் வந்தவர் இரண்டாவதன் வாசலில் நின்று
விளக்கை ஏற்றினார், அணைத்தார், மறுபடி ஏற்றினார்.
கப்பல்காரன் மூன்றாவதை மட்டும்
தலைக்கு இவ்வளவு என்று எழுதிக்கொண்டான்.

ஓரத்தில் இவ்வளவு எழுத இடமில்லை,
மூன்று விரல் அகலம்.
"எடுத்துக்காட்டு உயிரோடிருக்கிறது.
முடிவுரையைக் காணோம்" என்று எழுதினேன்.

பிறகு, செய்யக்கூடாததைச் செய்தேன்.
மடித்த மூலையை மேசைவிளக்கருகே பிடித்தேன்.
பசைக்கு அடியில் நிழலாய்ச் சில கோடுகள்,
இடவலம் மாறி, ஒன்றின்மேல் ஒன்றாக.
ஒரு வளைவு. ஒரு வால்.
அது எழுத்தா, தாளின் நாரா?
அடியில் ஒன்று இருக்கிறது என்பது மட்டும் உறுதி.
என்ன என்பதற்கு நகத்தால் கிழிக்க வேண்டும்.
விளக்கை அணைத்தேன்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் நான் பதினாறு என்றேன்.
மிரெய் ஒவாரோ ஏழு என்றாள்:
"இது சொந்தக் கதை, தத்துவமில்லை."
கரும்பின் கதை என்றேன். யாருடைய கரும்பு என்றாள்.
நல்ல கேள்வி, பதில் என்னிடம் இல்லை.
சாப்பாட்டு நேரம் நெருங்கவே
பன்னிரண்டில் நின்றோம்.

ஜூலையில் ஏதோ அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா
அந்த மூலையைப் பிரித்து
உள்ளே இருக்கும் பேரைத்
தன் வாய்க்கு வந்தபடி
உரக்கப் படிப்பார்.