கேட் திறக்கும் வரை

திறன் மேம்பாட்டுப் பயிற்சி, ஒரு நாள்,
தண்டையார்ப்பேட்டையில் ஒரு பள்ளியின் கூட்ட அறை.
கேள், உணர், பிரதிபலி என்று
திரையில் மூன்று வட்டங்கள்
ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன.
பதினொன்றரைக்குக் கரண்ட் போனது.
அதன்பின் பயிற்றுநர் இருட்டில் சொன்னது மட்டும்தான்
என் குறிப்பேட்டில் இருக்கிறது:
வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம்
ஒரு பையனிடம் "நான் இருக்கேன்ல" என்று சொல்லிவிட்டு
மறுவாரமே மாற்றலாகிப் போனாராம்.
கரண்ட் வந்தது.
அவரும் வட்டங்களுக்குத் திரும்பிவிட்டார்.

சான்றிதழ் தந்தார்கள், லேமினேட் செய்தது.
என் அறை ஜன்னலுக்குக் கொக்கி கிடையாது.
காசிமேட்டுக் காற்று ஏறும் மதியங்களில்
இடுக்கில் அதைச் செருகினால்தான் அடிக்காமல் இருக்கும்.

அறை என்றால்,
விளையாட்டுச் சாமான் அறையில் பாதி.
கேரம் போர்டுக்கும் வளைந்துபோன கூடைப்பந்து வளையத்துக்கும் நடுவே
இரண்டு நாற்காலி.
மூன்று பள்ளிக்கு நான் ஒருத்தி.
செவ்வாய் இங்கே, புதன் ராயபுரம், வியாழன் எர்ணாவூர்.
அழுகை செவ்வாய்க்கிழமை வரை தாங்குமா என்று
இதுவரை எந்தப் படிவமும் கேட்டதில்லை.

தேசப்பன் என்று வைத்துக்கொள்வோம்.
ஒன்பதாம் வகுப்பு, நான்காவது சந்திப்பு.
மூன்று வாரம் ஷூ லேசையே பார்த்துக்கொண்டிருந்தவன்
அன்றைக்கு, "எங்கம்மா ராத்திரில..." என்றான்.
நான் தாளின் மேல்மூலையில்
தேதி போட்டுக்கொண்டிருந்தேன்.
"நீங்க எய்தினே இருங்க மிஸ், நான் அப்பால வரேன்."
கோபம்கூட இல்லை.
ரேஷன் கடை பூட்டியிருந்தால்
பையைச் சுருட்டிக்கொண்டு திரும்புவார்களே, அப்படி.

மாதத்தின் இரண்டாம் சனி
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கத்து டீக்கடையில்
பிலோமினா, மெஹருன்னிசா, நான்.
எந்த அலுவலகமும் போட்ட உத்தரவு இல்லை இது.
பிள்ளைகளின் பெயர் வரக்கூடாது, அதுதான் விதி.
இன்னொன்று போகப்போகச் சேர்ந்தது:
ஜெயித்த கதை வேண்டாம்,
அதைக் கேட்க ஹெட்மாஸ்டர் இருக்கிறார்.

சொன்னேன்.
பதில் வருவதற்குள் கேட் இறங்கிவிட்டது.
டேங்கர் டேங்கராகச் சரக்கு ரயில்,
மணலிக்கோ, மணலியிலிருந்தோ.
இந்தப் பக்கம் ஆட்டோக்களின் உறுமல்.
பேசினால் கேட்காது என்பதால்
மூன்று பேரும் சும்மா இருந்தோம்.
அவ்வளவு நேரம் யாரும் என்னைத் தேற்றாமல் இருந்தது
அந்த வருடத்தில் அதுதான் முதல்முறை.

கடைசிப் பெட்டியும் போனபின் மெஹருன்னிசா கேட்டாள்:
"அவன் அம்மான்னதும் நீ என்ன பண்ண?"
தேதி போட்டேன்.
"அதுக்கு முன்னாடி?"
முன்னாடி ஒன்றும் இல்லை என்றேன்.
அவள் டீயைக் குடித்தாள்.
ஒன்றும் இல்லை என்றேன் மறுபடியும்.
பிறகு, வயிறு இறுகியது என்றேன்.
ராத்திரியில் தொடங்கும் வாக்கியங்கள்
எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும்,
எங்கள் வீட்டிலும் ஒரு வருடம் அப்படித்தான் போனது.
பேனாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"எழுதறத பஸ்ஸுக்கு வச்சுக்கோ" என்றாள் பிலோமினா,
"குலுக்கற குலுக்கல்ல உன் எழுத்து
உனக்கே புரியாது. இன்னும் பத்திரம்."
வயிற்றைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை.
பஜ்ஜிக்குக் காசு மட்டும் என்னைக் கொடுக்க விடவில்லை.

அடுத்த செவ்வாய் அவன் வரவில்லை.
அதற்கடுத்த செவ்வாயும்.
நாற்காலிகளைக் கொஞ்சம் திருப்பிப் போட்டேன்,
முகத்துக்கு முகம் இல்லாமல்
இரண்டும் ஜன்னலைப் பார்க்கிற மாதிரி.

மூன்றாம் வாரம் வந்தான்,
ஸ்ட்ரைக்கர் வேண்டுமாம்.
தேடினேன். அவனும் குனிந்து தேடினான்,
ஸ்கிப்பிங் கயிற்றுச் சிக்கலுக்குள்,
காலிப் பவுடர் டப்பாவுக்குள்.
போர்டுக்குப் பின்னால் தலையை நுழைத்தபடியே
ராத்திரியைச் சொல்ல ஆரம்பித்தான்.
பேனா பைக்குள் இருந்தது, பை கதவோரம்.
சான்றிதழ் நழுவி
ஜன்னல் ஒருமுறை படாரென்று அடித்தது.
நான் எழவில்லை.

ஸ்ட்ரைக்கர் அன்றைக்குக் கிடைக்கவேயில்லை.