வேலிக்கு அந்தப் பக்கம்

கயானி நகரில் நவம்பர் பிறந்துவிட்டால்
காலை ஒன்பது மணிக்குத்தான் வெளிச்சம் கண் விழிக்கும்.
பனி வழிக்கும் வண்டியை நிறுத்திவிட்டு
நான் வீடு திரும்பும் நேரம் அது.
கையுறையைக்கூடக் கழற்றாமல்
பூர்ச்ச மரக்கிளையில் தொங்கும் கூண்டில்
சூரியகாந்தி விதையைக் கொட்டுவேன்.
பிறகு ஜன்னலோரம், காப்பியோடு,
மூச்சையும் கொஞ்சம் அடக்கிக்கொண்டு.

ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.
ஈக்குக் குளிர், சரி.
காக்கைக்கு என்ன கோபமோ.

வேலிக்கு அந்தப் பக்கம் திருவிழா.
கெம்ப்பைனென் வீட்டு முற்றத்தில்
விதைக்கென்று ஒரு குட்டி மரவீடு,
அதற்கொரு தகரக் கூரை,
கூரையோரம் கொழுப்புருண்டைகள்.
பட்டாணிக்குருவிகள் பந்திக்கு முந்த,
நெஞ்சு சிவந்த தடித்த பறவைகள்
மாப்பிள்ளை வீட்டார்போல் நகராமல் உட்கார்ந்திருக்க,
மரங்கொத்தி மட்டும் தலைகீழாக.

ஏழு வருஷமாகப் பக்கத்து வீடு.
இதுவரை பேசிக்கொண்டது:
"குளிர்."
"ஆமாம்."
ஒரே ஒருமுறை, "இன்னும் கூடும்."

நான் உப்பில்லாத கடலை வாங்கினேன்.
பன்றிக் கொழுப்பை உருக்கி ஓட்ஸ் கலந்து
தயிர் டப்பாவில் உறையவைத்துக் கட்டினேன்.
ஒரு குருவி வந்தது.
ஒரே ஒரு விதையைக் கவ்விக்கொண்டு
வேலி தாண்டிப் போய்
அவர் கூரையில் உட்கார்ந்து உடைத்துத் தின்றது.

கூண்டை இடம் மாற்றினேன்,
ஊசியிலை மரத்தின் மறைவுக்கு.
அதன் பிறகு வந்தன.
இடது காலில் விரலில்லாத ஒன்று
தினமும் முதல் ஆளாக.

டிசம்பரில் ஒரு காலை
முற்றம் முழுக்க ஒரே நொடியில் ஊமையானது.
வல்லூறு.
வெள்ளைமேல் ஒரு பிடி இறகு, அவ்வளவுதான்.
கதவைத் திறந்து கத்தினேன், யாரிடமென்று தெரியாமல்.
குருவிக்கு நான் வைத்த பந்தியில்
குருவியும் ஒரு பரிமாறல் என்று
அப்போதுதான் உறைத்தது.
அவரும் வாசலில் நின்றிருந்தார்,
தூக்கிய கையைப் பாதியில் நிறுத்தி.
ஒன்றும் பேசவில்லை.
மறுநாள் விரலில்லாதது வந்தது.
காப்பியைச் சிந்தினேன்.

ஜனவரியில் அவர் புகைபோக்கி புகையவில்லை.
அங்கிருந்த கூட்டமெல்லாம் என் கிளையில்.
இரண்டு நாள் ஜெயித்தேன்.
மூன்றாம் நாள் அந்த ஜெயம் தொண்டையில் இறங்கவில்லை.
தபால் கொண்டுவரும் சிர்க்கு சொன்னாள்:
வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு,
ஓலு ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

வாளியோடு வேலி தாண்டினேன்.
பனி தொடைவரை.
தகரக் கூரைக்குக் கீழே, உட்பலகையில்,
இரும்புக்கடை நாட்காட்டி ஒன்று ஆணியில் தொங்கியது.
நூலில் கட்டிய பென்சில்.
ஒவ்வொரு தேதிக்கும் இரண்டு எண்:
இங்கே, அங்கே.
நான் முதல் பிடி விதை வைத்த நாளிலிருந்து.

இங்கே 22. அங்கே 0.
இங்கே 19. அங்கே 0.
அதன் கீழே பொடி எழுத்தில்:
கூண்டு காற்றுக்கு எதிரே இருக்கிறது. சொல்லலாமா?
மறுநாள்: சொல்லவில்லை.
அதற்கு மறுநாள்: நாளைக்கு.
இன்னும் நாலு நாள் தள்ளி,
அங்கே 14,
பென்சில் முனை உடையும்படி இரண்டு அடிக்கோடு.

விறைத்த விரலால் அன்றைய கட்டத்தை நிரப்பினேன்.
விதை நிரப்பினேன்.
மறுநாளும். அதற்கடுத்த நாளும்.
அவர் முற்றத்திலிருந்து பார்க்கும்போது
என் வீடுதான் "அங்கே".
எந்தப் பத்தியில் எதை எழுதுவதென்று
முதல் வாரம் குழம்பினேன்.

மார்ச்சில் ஊன்றுகோலோடு வந்து இறங்கினார்.
மரவீட்டுக்குள் தலையை நுழைத்து
வெகுநேரம் நின்றார்.
கூரைமேல் விரலில்லாதது
அவரைச் சட்டை செய்யாமல் கொத்திக்கொண்டிருந்தது.

ஜன்னலைத் திறந்தேன்.
"உன் ஏழும் ஒன்றும்
ஒரே மாதிரி இருக்கிறது" என்றார்.