விடுவிப்புப் பதிவேடு

பதினோரு வருஷம் கொன்றேன்.
தொட்டி தொட்டியாக டார்ச் அடித்து
நெளியும் புழுவை வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு
வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே காட்டி
மருந்து ஊற்றி, சுவரில் தேதி எழுதி,
ரெக்ஸின் பையோடு அடுத்த வாசல்.
காவேரிப்பட்டணத்தில் எனக்குப் பெயர்
கொசுக்காரம்மா.

இன்று காலை ஐந்தே முக்காலுக்கு
அதே பையில்
உயிரோடு இருநூறு.

கப்பின் வாயில் வலை, வலையைச் சுற்றி ரப்பர் பேண்ட்.
காதருகே வைத்தால்
எங்கோ தூரத்தில் மாங்கூழ் ஆலை ஓடுகிற சத்தம்.
"கவுக்க வேணாம் போதுமணி,
திறந்து சும்மா பிடிச்சிருங்க, அதுங்களே போகும்"
என்றார் ஜபீன் மேடம்.
அதுங்களே போகவில்லை.
முதல் நாள் பள்ளிக்கூடம் மாதிரி
அடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன.
தட்டினேன்.

காசு கொடுத்து ஒழித்ததை
காசு கொடுத்து வளர்க்கிறீர்களா என்றது தெரு.
கேட்கலாம். நியாயம்தான்.
எட்டு நாளைக்கொரு தரம் ஒகேனக்கல் தண்ணி,
வந்தால் ஒரு மணி நேரம்.
மாம்பழ வாசனை போகாத நீலப் பீப்பாய்,
அண்டா, குடம், பிடி உடைந்த குக்கர்,
எதில்தான் பிடித்து வைக்கவில்லை நாம்?
தண்ணியை மூடி வை என்று
சொல்லச் சொல்லித்தான் அனுப்பினார்கள் என்னை.
தினமும் தண்ணி விடு என்று
யாரிடம் போய்ச் சொல்வது
என்று மட்டும் சொல்லவில்லை.

இந்தக் கொசுவுக்குள் ஒரு பாக்டீரியா குடியிருக்கிறது.
வைரஸ் வந்தால் அங்கே இடமில்லை, சோறில்லை.
ஏற்கெனவே ஆள் நிறைந்த வாடகை வீட்டில்
வந்தவன் செருப்பைக்கூடக் கழற்ற முடியாது.
கடிக்கும். ரத்தம் குடிக்கும்.
டெங்குவைக் கைமாற்றிவிடாது,
அநேகமாக.
அந்த அநேகமாகவை ஒரு தடவைகூட விடாமல் சொல்வார் மேடம்.
அதனால்தான் அவரை நம்பினேன்.

பயிற்சி நாளில் இன்னொன்றும் சொன்னார்:
தாய் வழியாக மட்டும்தான் போகுமாம் அது.
முட்டையேறி மகளுக்கு, மகளிடமிருந்து பேத்திக்கு.
ஆணுக்குள் போனால் அதோடு வம்சம் நின்றது.
மகள் பிறந்தால்தான் அதற்கு நாளை என்று ஒன்று.

எங்கள் வீட்டில் நான் நான்காவது பெண்.
பெயரைக் கேட்டாலே தெரியும்.
நர்ஸ் வந்து சொன்னதும்
டீ குடிக்கப் போன அப்பா
மறுநாள்தான் திரும்பினாராம்.
கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று
பெண் பிறக்கட்டும் பெண் பிறக்கட்டும் என்று
காத்துக் கிடக்கிறது, இந்த ஊர்ச் சாக்கடையோரம்.
சிரிப்பு வந்தது.
கொஞ்ச நேரம் கழித்து வரவில்லை.

பாலக்கோடு ரோட்டு முனையில் முனிரத்தினம்மா வீடு.
கேட்டைத் திறக்கவில்லை அவள்.
யஷ்வந்துக்கு ஏழு வயது.
பிளேட்லெட் இருபதாயிரம் என்றார்கள்,
பதினோராயிரம் என்றார்கள்,
பிறகு யாரும் எண் சொல்லவில்லை.
அந்த வாரம் அவர்கள் தொட்டியைப் பார்த்தது
நான்தான்.
சுவரில் என் கையெழுத்து, தேதியோடு.
இரண்டு பொங்கலுக்கும்
அந்த இடத்தை விட்டுவிட்டு வெள்ளையடித்திருக்கிறாள்.

கம்பி வழியே கேட்டாள்:
"அன்னிக்கு எங்கடி போச்சு இந்தக் கொசு?"

துண்டறிக்கையில் பதினான்கு கேள்விகள், பதில்களோடு.
இது இல்லை.

சுவருக்கு வெளியே, பேரூராட்சிக் கால்வாய்ப் பக்கம்
கப்பைத் திறந்தேன்.
இந்தத் தடவை தட்ட வேண்டியிருக்கவில்லை.
ஒன்று மட்டும் திரும்பி வந்து
முழங்கைக்கு மேல் உட்கார்ந்தது.
காலில் வெள்ளை வரி.
நாங்கள் விட்டதா, முன்னமே இருந்ததா,
பார்த்துச் சொல்ல முடியாது யாராலும்.
பதினோரு வருஷக் கை
தானாக மேலே போயிற்று.
முனிரத்தினம்மா கம்பியைப் பிடித்தபடி
பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெரு, நேரம், எண்ணிக்கை, காற்று, கையொப்பம்.
அடித்தேனா என்று எழுத
பதிவேட்டில் கட்டமில்லை.