ஆறு நிமிடம் நாற்பது வினாடி

சீலே நாட்டின் தெற்கே, சிலோயே தீவில்,
தகரக் கூரைமேல் மழை ஓயாத ஒரு கூடத்தில்
என் வேலை எலிகளைக் கொல்வது.
பட்டச் சான்றிதழில் அப்படி எழுதவில்லை.
அதில் உயிரியல் என்றிருக்கிறது.

மட்டிச் சதையை அமிலத்தில் கொதிக்க வைத்து
ஆறவிட்டு, வடித்து, ஒரு மில்லி எடுத்து
இருபது கிராம் எலியின் அடிவயிற்றில் ஏற்றி
கடிகாரத்தை அமுக்க வேண்டும்.
எலி முதலில் மீசையைத் துடைத்துக்கொள்ளும்,
ஏதோ விருந்துக்குப் புறப்படுவதுபோல.

செவ்வாய்க்கிழமை, மாதிரி எண் பதினேழு.
ஆறு நிமிடம் நாற்பது வினாடி.
மூன்று எலிக்கும் ஏறக்குறைய அதே கணக்கு.
படிவத்தில் எழுதினேன். கை நடுங்கவில்லை.
நடுங்காததைப் பற்றித்தான் பிறகு யோசித்தேன்.

மாதிரிகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான்.
ஆனாலும் எனக்குத் தெரியும்.
பதினேழு என்றால் பெல்யூகோ வளைகுடா.
பெல்யூகோ என்றால் நூற்றுப் பன்னிரண்டு படகு,
சிப்பி உடைக்கும் கொட்டகை நாலு,
பதினான்கு மாதமாக என் அக்கா எதெல்மிரா
நீரில் தொங்கவிட்டு வளர்த்த கயிறுகள்,
அவற்றின்மேல் வாங்கிய கடன்.

நுண்ணோக்கியில் பார்த்தால் அழகாகவே இருக்கும்:
இரண்டு, நான்கு, எட்டு என்று
கோத்துவிட்ட மணிச்சரம்.
ஊசிமுனையில் உட்காரக்கூடியவை
ஒரு தீவையே உட்கார வைத்துவிட்டன.

படகுத்துறைச் சாலையில் டயர் எரிந்தது.
பெரிய பானையில் உருளைக்கிழங்கு மட்டும் வெந்தது.
"எலிக்காரி வந்துட்டா" என்றார்கள்.
எலுமிச்சை பிழிந்தால்?
போகாது.
நன்றாக வேகவைத்தால்?
போகாது.
"எலிக்கு ஒத்துக்காதது எனக்கும் ஒத்துக்காதா?
என் ஒரு தொடைக்கு எத்தனை எலி வேணும், சொல்லு!"
எல்லாரும் சிரித்தார்கள். நானும்.
பிறகு ஒரு பையன் கேட்டான்:
கம்பெனிக்காரன் செத்த மீனைக் கடலில் கொட்டினதாலதானே?
சிரிப்பு நின்றது.
என் எலிகள் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்லும்.
அதைச் சொன்னேன்.
கோழை என்றாள் அக்கா,
எல்லார் முன்னாலும், பெயர் சொல்லி: ஒதிலியா, நீ கோழை.

அன்றிரவே எவரிஸ்தோ
ஒரு வாளி மட்டியைத் தின்று காட்டினான்,
ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு.
முதலில் உதடு மரத்தது. அப்புறம் விரல்.
அப்புறம் மூச்சு தன் வேலையை மறந்தது.
படகிலும் ஆம்புலன்சிலும்
ஆள் மாற்றி ஆள் ரப்பர்ப் பையை அழுத்தி
ஒன்பது மணி நேரம் அவனுக்காக மூச்சு விட்டார்கள்.
அழுத்தியவர்களில் டயர் கொளுத்தியவர்களும் உண்டு.
பேச்சு திரும்பியதும் என்னிடம் கேட்டான்:
எலி எத்தனை நிமிஷம் தாங்கிச்சு?
சொன்னேன்.
சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

குளிர்காலம் முழுக்க அக்கா பேசவில்லை.
ரொட்டிக் கடையில் எனக்குப் பின்னால் நிற்க நேர்ந்தால்
ரொட்டி வேண்டாம் என்று போய்விடுவாள்.

நேற்று கூடத்தின் கதவை முழங்கையால் தள்ளி வந்தாள்.
ஈரப் பை ஒன்றை மேசைமேல் பொத்தென்று வைத்தாள்.
கடல்நீர் என் படிவங்களை நனைத்தது.
"எண்ணு" என்றாள். வேறு பேச்சில்லை.

விதிப்படி மாதிரி அலுவலகம் வழியாகத்தான் வர வேண்டும்.
விதிப்படி இது எந்தக் கணக்கிலும் சேராது.
கொதிக்க வைத்தேன், ஆறவிட்டேன், வடித்தேன்.
கடிகாரத்தை அமுக்கினேன்.

எலி மீசையைத் துடைத்துக்கொண்டது.
ஐந்து. ஆறு.
ஆறு நாற்பதில் அக்கா என்னைப் பார்த்தாள்;
அந்த எண்ணை அவளும் மனப்பாடமாக வைத்திருந்தாள்.
எட்டு.
மழை கொஞ்சம் விட்டது, பின் வலுத்தது.
பதினொன்றாம் நிமிடம் எலி
மரத்தூளைக் கிளறி எதையோ கொறிக்கத் தொடங்கியது.

"இன்னும் நாலு நிமிஷம் பார்க்கணும்" என்றேன்.
தெரியும் என்பதுபோல்
அவள் கதவோரம் குனிந்து
சேற்றுக் காலணியைக் கழற்றினாள்.